கழிவாடை அணிவகுப்பும் பனியன் வட்டாரமும்: ஊத்துக்குளியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எறியப்பட்ட பொருள்களால் ஆடை செய்து, அதை அணிந்து மேடையில் நடக்கும் நிகழ்ச்சிகள் பள்ளி, கல்லூரி, ஊர்ப்பொது விழாக்களில் நடத்தப்படுகின்றன. சூழல் விழிப்புணர்வு என்னும் அவற்றின் நோக்கம் நன்று. ஆயினும் அந்நோக்கமே அவற்றைத் திறனாய்வுக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தைச் சேர்ந்த ஊத்துக்குளியை நோக்குநிலையாகக் கொண்டு, இந்நிகழ்ச்சிகளை மதிப்பிட மூன்று வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. பொருள் எந்நிலையில் எடுக்கப்பட்டது? யார் கைகள் அதில் உழைத்தன? மேடைக்குப் பின் அது எங்கே செல்லும்? இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கழிவாடை, பனியன் தொழில், வெட்டுக்கழிவு, மறுசுழற்சி, ஊத்துக்குளி, நொய்யல்.

முன்னுரை

ஆடை அணிவகுப்பு, விற்பனைக்குரிய புதிய உடையை வாங்குவோர் முன் காட்டும் வணிக வழக்கமாக வளர்ந்தது. அவ்வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, காட்டப்படும் பொருளை மட்டும் தலைகீழாக மாற்றுவது கழிவாடை அணிவகுப்பு. ஆங்கிலத்தில் டிராஷ், ஃபேஷன் ஆகிய இரு சொற்களை ஒட்டி இதனை ‘டிராஷன்’ என்பர். நாளிதழ்த் தாள், பாலித்தீன் பை, தின்பண்ட உறை, குறுவட்டு, பாட்டில் மூடி ஆகியவை இங்கே பாவாடையாகவும் மேலாடையாகவும் தலையணியாகவும் மாறுகின்றன. நடப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் குடியிருப்புவாசிகளும் ஆவர்.

இந்நிகழ்ச்சிகள் செய்தியாகப் பதிவாகின்றன, கலைநிகழ்வாக மதிப்பிடப்படுவதில்லை. நல்நோக்கம் உடைய ஒன்றைக் குறைகூறலாகாது என்னும் தயக்கம் இதற்குக் காரணமாகலாம். ஆனால், ஒரு மேடை தன்னை ஆடை என்றும் கல்வி என்றும் அறிவித்துக்கொள்ளும்போது, அது எவ்வகை ஆடை, எதைக் கற்பிக்கிறது எனக் கேட்பது திறனாய்வின் கடமை.

இக்கேள்விக்கு ஊத்துக்குளி பொருத்தமான களம். வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற இவ்வூர், இன்று திருப்பூர் மாவட்டத்தின் வட்டத் தலைமையிடம். பின்னலாடைத் தொழிலோடு அன்றாடப் பிழைப்பால் பிணைந்த ஊர். இங்கு ஆடை என்பது கடையில் வாங்கும் பொருள் மட்டுமன்று; கட்டிங் மாஸ்டர், டெய்லர், கைமடி, செக்கிங் எனப் பகுத்துச் செய்யப்படும் உழைப்பு. ஆடை செய்வோர் முன்னிலையில் குப்பையை ஆடை என்று காட்டுவதற்கு என்ன பொருள்?

குப்பை, கழிவு, வேஸ்ட்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் ‘குப்பை’ என்பதன் பழம்பொருள் குவியல். சங்க இலக்கியத்தில் உப்புக் குவியலும் குப்பை எனப்படுகிறது. உழவர் வழக்கில் அது எருவைக் குறிக்கும். மாட்டுத் தொழுவத்துச் சாணமும் தீவன மிச்சமும் குப்பைக்குழியில் மட்கி, உழவுக்குமுன் வயலுக்குச் செல்லும். எருமையும் பசுவும் வளர்த்து வெண்ணெய் எடுத்த ஊர்களில் குப்பை என்பது இழப்பின் பெயரன்று. அடுத்த விளைச்சலின் முதல். வண்டி கணக்கில் அளந்து விற்கவும் வாங்கவும் பட்ட பொருள் அது.

‘கழிவு’ என்பது கழிக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்னும் பொருளது. நகராட்சி நிர்வாகமும் சூழலியலும் இச்சொல்லையே ஏற்றுள்ளன. மூன்றாவதாக, பனியன் தொழிலில் வழங்கும் ‘வேஸ்ட்’. ஆங்கிலத்தில் வீண் எனப் பொருள்படும் இச்சொல், திருப்பூர் வழக்கில் விலையுள்ள சரக்கைக் குறிக்கிறது. ‘கட்டிங் வேஸ்ட்’ எடைபோட்டு விற்கப்படும்; அதற்கென வியாபாரிகளும் கிடங்குகளும் உண்டு. வாகனப் பட்டறையிலும் அச்சகத்திலும் கைதுடைக்கும் ‘பனியன் வேஸ்ட்’ காசு கொடுத்து வாங்கப்படுவதே.

எனவே இவ்வட்டாரத்தின் இரண்டு சொற்கள், எருவாகிய குப்பையும் சரக்காகிய வேஸ்டும், திரும்பிவரும் பொருளைச் சுட்டுகின்றன. கழிவாடை மேடையோ ‘குப்பைக்கு மதிப்புக் கொடுத்தோம்’ என்று அறிவிக்கிறது. ஏற்கெனவே மதிப்பு உள்ள ஒன்றுக்கு மதிப்பளித்ததாகச் சொல்வதில், அதுவரை அம்மதிப்பைக் காத்துவந்தவர்களை மறந்துபோகும் இடர் உண்டு.

வெட்டுமேசையிலிருந்து நூற்பாலைக்கு

பின்னல்துணியை அடுக்கடுக்காக விரித்து, உடலும் கையும் கழுத்துமாக வெட்டும்போது இடைவெளித் துண்டுகள் விழுகின்றன. ஆடைத் தொழிலில் இவ்வாறு விழும் பங்கு பொதுவாகப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை என மதிப்பிடப்படுகிறது. கிடங்கில் இத்துண்டுகள் நிறவாரியாகவும் இழைவாரியாகவும் பிரிக்கப்படும். எலாஸ்டிக், லேபிள், தையல் தடித்த பகுதி ஆகியவை நீக்கப்படும். தரையில் அமர்ந்து இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களே. பின்னர் எந்திரத்தில் கிழிபட்டுப் பஞ்சாகி, புதுப் பஞ்சோடோ பாலியஸ்டரோடோ கலந்து, ஓப்பன் எண்ட் ஆலைகளில் மீண்டும் நூலாகும். கிழிபடும்போது இழையின் நீளம் குறைவதால் இந்நூல் பருமனானது; மிதியடி, கையுறை, வீட்டுப் பயன்பாட்டுத் துணி ஆகியவற்றுக்கு உகந்தது.

இதில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. சிவப்புத் துண்டுகளைத் தனியே பிரித்தால் சிவப்பு நூலே கிடைக்கும். மறுபடி சாயமேற்ற வேண்டுவதில்லை. சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் நச்சுநீர் தேங்கி, கிணறும் காடும் பாழ்பட்டதைக் கண்ட மண் இது. 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அச்சிக்கல் முற்றியது. அப்பின்னணியில், ஒரு பெண் தரையில் அமர்ந்து நிறம்பிரித்தல் என்பது சாயமும் தண்ணீரும் மிச்சப்படுத்தும் செயல். எந்த மேடையும் இதனைக் காட்சிப்படுத்துவதில்லை. இது கண்ணைக் கவரும் காட்சியும் அன்று.

மேடையில் மூவகை

கழிவாடை நிகழ்ச்சிகளை அவற்றின் பொருள் கையாளும் முறைகொண்டு மூன்றாகப் பகுக்கலாம்.

முதல்வகை, பள்ளி கல்லூரிகளில் நாம் அடிக்கடி காணும் தாளாடை, பாலித்தீன் ஆடை. தூய நாளிதழுக்குப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு விலையுண்டு. அதனைப் பசையால் ஒட்டி, வண்ணம் பூசி, பளபளப்புத் தூள் தூவி, பின் ஊசியால் பிணைத்தபின் எந்தக் கடையும் வாங்காது. அதாவது, மறுசுழற்சிக்குரிய பொருள் மேடையேறியதன் விளைவாக மறுசுழற்சிக்கு ஆகாத கலவையாகிறது. இருக்கை போட்டு உட்கார முடியாத, நனைக்க முடியாத அவ்வுடை ஒரு மாலைப்பொழுதே உடையாக இருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறிவதைக் கண்டிக்கவந்த ஆடை, தானே ஒருமுறை மட்டும் பயன்படுகிறது. இம்முரணை நிகழ்ச்சி தானே உணர்ந்து வெளிப்படுத்தினால் அது கலை. உணராதபோது வெறும் அலங்காரம்.

இரண்டாம்வகை, தன்னை ஆடை என்று பாவனை செய்யாதது. காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரில் எடி எகெட்டே என்னும் கலைஞர் தொடங்கிய கின்ஆக்ட் தெருவிழாவில், கலைஞர்கள் டப்பா, கம்பி, செருப்பு, பாட்டில் ஆகியவற்றால் உடல் முழுவதையும் மூடி நகரத் தெருக்களில் நடக்கின்றனர். அங்கே உடுப்பு அழகூட்டவில்லை, அச்சமூட்டுகிறது. குப்பையில் புதைந்த மனிதனைக் குப்பை போட்டவர்களின் வாசலுக்கே கொண்டுவருகிறது. உடுத்துதல் அதன் நோக்கமன்று; ஆகையால் உடுத்த முடியாமை குறையாகாது. நம் கூத்து மரபில் கனத்த கட்டையணிகளும் கிரீடமும் செய்யும் வேலைக்கு இது நெருக்கமானது.

மூன்றாம்வகை, உண்மையான ஆடை. கானா நாட்டின் அக்ராவிலுள்ள கண்டமாண்டோ சந்தைக்கு வெளிநாடுகளின் பழந்துணிகள் பொதிபொதியாக வந்து இறங்குகின்றன. வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி உருப்படிகள் என அங்குப் பணியாற்றும் தி ஆர் அறக்கட்டளை மதிப்பிடுகிறது. அவ்வமைப்பு நடத்தும் ‘ஒப்ரோனி வாவு அக்டோபர்’ விழாவின் பெயர், பழந்துணியைக் குறிக்கும் உள்ளூர்த் தொடரிலிருந்து வந்தது. ‘இறந்த வெள்ளையரின் துணி’ என்பது அதன் பொருள். அதன் மேடையில் மறுதையல் செய்த உடைகள் காட்டப்படுகின்றன. அவை சந்தையில் விற்கவும் தெருவில் அணியவும் கூடியவை. 2025 ஜனவரித் தொடக்கத்தில் அச்சந்தை பெருந்தீக்கு இரையானபோது எரிந்தது வெறும் குப்பையன்று, பல்லாயிரவர் பிழைப்பு. மேடைக்கும் பிழைப்புக்கும் இடையே அங்குள்ள உறவே அவ்விழாவின் வலிமை.

முதல்வகை இவ்விரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறது. அது கூத்தின் சினமும் பெறவில்லை. தையலின் பயனும் பெறவில்லை.

எண்ணிக்கை தரும் மயக்கம்

மேடை என்பது அரங்கத்தில் மட்டும் அமைவதன்று. 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நரேந்திர மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீலநிற மேலாடை, பயன்படுத்திய பெட் பாட்டில்களின் இழையால் ஆனது. இந்தியன் ஆயில் நிறுவனம் வழங்கிய அதற்குரிய துணி, கரூரைச் சேர்ந்த ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனத்திலிருந்து சென்றது. நம் அண்டை மாவட்டத்து மறுசுழற்சித் தொழில் அடைந்த உயர்ந்த மேடை இது எனலாம். பணியாளர் சீருடை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 பாட்டில்களின் மறுசுழற்சிக்குத் துணைசெய்யும் என்றும் இந்தியன் ஆயில் திட்டம் அறிவித்தது. ஒருநாள் காட்சியாக நில்லாமல் நாள்தோறும் அணியும் சீருடையாக அது விரிந்தது பாராட்டத்தக்கது.

ஆயினும் இங்கு முன்னிறுத்தப்பட்ட எண் உள்ளே சென்றதன் எண். பாட்டில் மீண்டும் பாட்டிலாக முடியும். இழையாகிப் பருத்தியோடு கலந்த பின் அதனைப் பிரிப்பது கடினம். துவைக்கும்போது நுண்ணிழைகள் நீரில் கலக்கும் சிக்கலும் உண்டு. எத்தனை பாட்டில் என்று எண்ணுவது எளிது. அதன்பின் எத்தனை சுற்று என்று எண்ணுவதே தேவை. பள்ளி மேடைகளிலும் ‘இத்தனை பைகளால் ஆன கவுன்’ என்னும் அறிவிப்பே கைதட்டல் பெறுகிறது. நிகழ்ச்சிக்காகவே புதிய பைகள் வாங்கப்பட்டனவா என்று யாரும் கேட்பதில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை நெகிழிப் பொருள்கள் தடைசெய்யப்பட்ட மாநிலத்தில் இக்கேள்வி தவிர்க்க இயலாதது.

கந்தையை யார் அணியலாம்?

பொருநராற்றுப்படையில் வறிய பொருநனின் உடை, ஈரும் பேனும் குடியிருந்து, வேர்வையில் நனைந்து, வேறு நூலால் தைத்த கந்தலாகக் காட்டப்படுகிறது. கரிகாலன் அதனை நீக்கி நுண்ணிய புத்தாடை தருகிறான். ஒட்டுப்போட்ட துணி வறுமையின் அடையாளமாகவும் அதைக் களைதல் மதிப்பின் தொடக்கமாகவும் நம் மரபில் பதிந்துள்ளது. பிற்காலச் சிற்றூர் வாழ்விலோ, பிறர் உடுத்த பழந்துணியை வாங்கி உடுத்தல் கீழ்நிலையில் வைக்கப்பட்டோர்க்குக் கூலியின் ஒரு பகுதியாகவும் சாதியின் குறியாகவும் இருந்தது. இந்நினைவு முற்றும் அழிந்துவிடவில்லை.

ஆகவே, கந்தலை அழகாக அணியும் உரிமை எல்லார்க்கும் ஒன்றுபோல் இல்லை. மாலையில் கழற்றிவிட்டு வீடு செல்ல முடிந்தவருக்கு அது அலங்காரம். கழற்ற மாற்றுடை இல்லாதவருக்கு அது வாழ்க்கை. குப்பை பொறுக்குவோரின் பிள்ளையும் கிடங்கில் துணிபிரிப்பவரின் பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் ஊரில் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. அவர்களின் தாய்மார் அறிந்த நுட்பத்தை மேடை கற்றுக்கொண்டால் அது மரியாதை. அவர்கள் தொட்டு உழைக்கும் பொருளை வேடமாக மட்டும் அணிந்தால் அது அறியாமை.

செய்தவர் வரலாறு பொருளோடு பிரியாமல் நிற்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பகம் துணித் துணுக்குகளைக்கொண்டு மீனவப் பெண்களைச் செய்யவைத்த ‘சுனாமிகா’ என்னும் சிறு பொம்மையை யார் கண்டாலும், அப்பெயரே செய்தவரின் கதையைச் சொல்லிவிடும்.

முடிவுரை

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழி கழிவாடைக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. கசக்கத்தக்கதும் கட்டத்தக்கதுமே ஆடை. துவைப்புக்கு நில்லாதது வேடமாகலாம். வேடமெனில் கின்ஷாசாவில் போல அதற்குரிய துணிவோடு நிற்க வேண்டும்.

மதிப்புமாற்றம் மேடையால் மட்டும் நிகழ்வதில்லை என்பதற்கு மஞ்சப்பையே சான்று. பட்டிக்காட்டு அடையாளமென நகைக்கப்பட்ட அப்பை, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தால் புதுமதிப்புப் பெற்றது. அதனை யாரும் அணிந்து நடந்து காட்டவில்லை. கையில் எடுத்துக் கடைக்குச் சென்றனர். நாள்தோறும் பயன்படுவதே அதன் அழகு.

ஊத்துக்குளி போன்ற ஊரில் கழிவாடை மேடை அமையுமாயின், அது பளபளப்புத் தாளை நாட வேண்டியதில்லை. வெட்டுமேசைத் துண்டு அருகிலேயே உண்டு. அதனை இணைக்கத் தெரிந்த டெய்லரும் நிறம்பிரிக்கத் தெரிந்த பெண்ணும் உண்டு. அவர்கள் பெயர் அணிபவர் பெயருக்குமுன் அறிவிக்கப்படட்டும். பரிசு, நிகழ்ச்சி நாளில் அல்லாமல் ஆறு திங்கள் கழித்து, அவ்வுடை இன்னும் உடுத்தப்படுகிறதா, பிரித்து வேறொன்றானதா எனப் பார்த்து வழங்கப்படட்டும். அப்போது அம்மேடையில் காட்டப்படுவது, உழவர் அறிந்த பழம்பொருளில் குப்பையாக இருக்கும்: அடுத்த விளைச்சலுக்குத் திரும்பிச் செல்வது.