கணையத்தில் எழுதிய வம்சாவளி

தவளை, சாலமாண்டர், காலே இல்லாமல் புழுப்போல் நெளியும் சிசிலியன்: இன்று உயிரோடிருக்கும் இருவாழ்விகள் இந்த மூன்று கிளைகளுக்குள் அடங்கிவிடும். இவற்றில் யாருக்கு யார் நெருங்கிய உறவு என்று எலும்பை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். உடலமைப்பு அவ்வளவு மாறிவிட்டது. இடைநிலைப் புதைபடிவங்களும் குறைவு. அதனால் சிலர் கணையத்தைத் திறந்து பார்த்தார்கள்.

வழி காட்டியவர் ஃபிரடெரிக் சாங்கர். கணைய ஹார்மோனான இன்சுலினில், மாட்டினுடையதன் 51 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை 1950களில் கண்டறிந்து, 1958இல் நோபல் பரிசு பெற்றார். மனித இன்சுலினிலிருந்து பன்றியினுடையது ஒரே ஓரிடத்தில் வேறுபடுகிறது, மாட்டினுடையது மூன்றிடங்களில். வேறுபாடுகளை எண்ணினால் உறவின் தூரம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இப்படித்தான் வேரூன்றியது. மைக்கேல் கான்லன் போன்றோர் தவளை, சாலமாண்டர் வகைகளின் கணையத்திலிருந்து ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து, ஒரு முனையிலிருந்து ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கழற்றிப் படித்தார்கள். மரபணு வரிசை மலியாத நாட்களின் அந்தப் பொறுமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

எல்லா ஹார்மோனும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. 29 அமினோ அமிலங்கள் கொண்ட குளுக்ககான் முதுகெலும்பிகளிடையே அதிகம் மாறாதது. 36 கொண்ட கணையப் பாலிபெப்டைடு விரைந்து மாறுகிறது. நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய இதுவே உதவும். இன்சுலினிலோ ஆறு சிஸ்டைன்களும், ஏற்பியைத் தொடும் இடங்களும் அசைந்து கொடுப்பதில்லை. எஞ்சிய சில இடங்களில் ஒரே மாற்றம் இரு வம்சங்களில் தனித்தனியே நேர்ந்துவிடவும் கூடும். கினிப்பன்றியைப் பாருங்கள். பாலூட்டிதான், ஆனால் அதன் இன்சுலின் மற்றப் பாலூட்டிகளிடமிருந்து வெகுதூரம் விலகிப் போயிருக்கிறது. இன்சுலினை மட்டும் நம்பினால் அதைக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்திவிடுவோம்.

இன்னும் பெரிய சிக்கல், மரபணு இரட்டிப்பு. ஆப்பிரிக்க நகத்தவளை ஸீனோபஸ் லேவிஸுக்கு இரண்டு இன்சுலின்கள். சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு மூதாதை இனங்கள் கலந்து உருவான தவளை அது என்று 2016இல் வெளியான அதன் மரபணுத் தொகுதி காட்டியது. இப்படிப்பட்ட விலங்கில் எந்தப் பிரதியை எதனோடு ஒப்பிடுவது? அத்தை மகளைத் தங்கை என்று குறித்துவிட்டால் வம்சாவளி முழுவதும் தடம் புரண்டுவிடும். கணைய வரிசைகளைக் கையாள்வோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மூன்று கிளைகளின் வழக்கை 51 எழுத்துகளால் தீர்க்க முடியவில்லை. 1990களில் ரைபோசோம் மரபணுக்களைக் கொண்டு செய்த சில ஆய்வுகள் சாலமாண்டரையும் சிசிலியனையும் சேர்த்தன. பின்னர் ஏராளமான மரபணுக்களை ஒப்பிட்டபோது தவளையும் சாலமாண்டரும் நெருங்கின. சிசிலியன் தனியே நின்றது.

இதனால் கணைய ஆய்வு வீணானதாக நான் கருதவில்லை. 1997இல் டேவிட் இர்வின் குழுவினர் நகத்தவளையில் குளுக்ககானின் முன்னோடியான புரோகுளுக்ககானின் மரபணுவில் ஜிஎல்பி-1 போன்ற மூன்று பெப்டைடுகள் இருப்பதைக் கண்டார்கள். நமக்கு இருப்பது ஒன்றே. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் அந்த ஜிஎல்பி-1ஐ ஒட்டித்தான் இன்றைய நீரிழிவு மருந்துகள் சில உருவாகியிருக்கின்றன. மரபணுத் தொகுதிகள் தந்த மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இனி கேள்வியைத் திருப்பிப் போடலாம்: ஒன்று மூன்றானது எந்தக் கிளையில்?