கிணற்றடிக் கேள்வி

தை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் பங்கு இல்லங்களில் ஓலை எழுதும் காலம் தொடங்கிவிடுகிறது. திராட்சைத் தோட்டத்து வேலையை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டும், கம்பம்மெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களிலிருந்து விடுப்பெடுத்துக்கொண்டும் இரு வீட்டாரும் வந்து சேர்கின்றனர். உடன் தரகரும் வருகிறார். மற்ற எவரையும்விட அவர் முகத்திலேதான் மகிழ்ச்சி மிகுந்து காணப்படுகிறது. இக்காட்சியைப் பல்லாண்டுகளாகக் கண்டுவரும் நாம், விவிலியத்தில் வரும் ஒரு பெண் பார்க்கும் படலத்தை அண்மையில் மீண்டும் ஊன்றிப் படித்தோம். தொடக்கநூலின் 24-ஆம் அதிகாரம் அது.

உலகம் படைக்கப்பட்ட வரலாற்றை அந்நூலின் முதல் அதிகாரம் 31 வசனங்களில் கூறி முடிக்கிறது. ஈசாக்குக்குப் பெண் தேடிய கதைக்கோ 67 வசனங்கள்! தொடக்கநூலில் இதனினும் நீண்ட அதிகாரம் வேறில்லை. ஒரு வீட்டுத் திருமணச் செய்தியை ஆசிரியர் ஏன் இத்துணை விரித்துரைக்க வேண்டும்? இதனை மறையுரைக்கு உதவும் ஒரு பகுதியாக மட்டும் கருதாமல் இலக்கியமாகவும் வாசித்தால் விடை கிடைக்கும்.

ஆபிரகாமின் பணியாளர் பத்து ஒட்டகங்களுடன் வருகிறார். ஊர்க் கிணற்றருகே நிற்கிறார். அவர் வைக்கும் தேர்வைக் கவனியுங்கள். சொத்து எவ்வளவு, நகை எத்தனை சவரன், நிறம் என்ன என்று அவர் கேட்கவில்லை. வழிப்போக்கனுக்கு நீர் தருபவள், கேளாமலே அவனது ஒட்டகங்களுக்கும் நீர் இறைப்பாளா என்று பார்க்கிறார். தாகமுற்ற ஓர் ஒட்டகம் ஒரே வேளையில் சுமார் 100 லிட்டர் நீரைக் குடித்துவிடும் என்பர். பத்து ஒட்டகங்களுக்கு நீர் வார்க்க ரெபேக்கா எத்தனை முறை கிணற்றுக்கு ஓடியிருப்பாள்! பெண்ணின் குணத்தை அவளது உழைப்பிலும் இரக்கத்திலும் கண்ட இப்பணியாளரைத் தரகர்க்கெல்லாம் தலைவர் எனலாம். அவளுடைய அண்ணன் லாபானின் கண்களோ முதலில் தங்கையின் மூக்கணியிலும் கைவளைகளிலுமே சென்று படிகின்றன. ஒரே வரியில் ஆசிரியர் அவனை நமக்கு அடையாளம் காட்டிவிடுகிறார்.

எனினும் கதையின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. புறப்படும் முன்பே பணியாளர் ஆபிரகாமிடம் ஓர் ஐயத்தை எழுப்புகிறார்: பெண் வர இசையாவிடில் என்ன செய்வது? அப்படியாயின் ஆணையிலிருந்து நீ விடுபட்டவன் என்கிறார் ஆபிரகாம். பெண் மறுக்கலாம் என்பதை அம்முதியவர் முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டார். பெண் வீட்டாரோ அவளைக் கலக்காமலே சம்மதம் தந்துவிடுகின்றனர். மறுநாள் புறப்பாடு குறித்துப் பேச்சு எழும்போதுதான் அவளை அழைத்துக் கேட்கின்றனர். கேள்வி காலந்தாழ்ந்தே வருகிறது. அதுவும் பயணத்தைப் பற்றியதே என்று வாதிடுவாரும் உண்டு. ஆயினும் கேட்டார்கள். எபிரேய மூலத்தில் அவளது விடை ஒரே சொல். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே 67 வசனங்கள் காத்திருந்தன என்று நமக்குத் தோன்றுகிறது. ஈசாக்கு அவளை மணந்தபின் அன்புகூர்ந்தார் என்று அதிகாரம் முடிகிறது. மணமானபின் காதல் தானே வரும் என்று சொல்லும் பெற்றோர் இம்முடிவை மட்டும் நினைவில் வைத்து, இடையிலே வரும் கேள்வியை விட்டுவிடுகின்றனர்.

இதில் நாம் காணும் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. ஈசாக்கின் விருப்பத்தை இக்கதையில் ஒருவரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் பிள்ளைகளை முன்னிட்டு இத்தம்பதியர் இரு பக்கமாகப் பிரிந்து நின்றதையும், பார்வை மங்கிய கணவரை ரெபேக்கா ஏமாற்றத் துணிந்ததையும் அதே நூல் ஒளிக்காமல் கூறுகிறது. நல்ல தொடக்கம் நல்ல வாழ்வுக்கு உறுதிச்சீட்டு அன்று.

ஐந்து அதிகாரங்கள் கடந்து அதே லாபான், இப்போது தந்தையாக, மீண்டும் ஒரு திருமணம் பேசுகிறான். ராகேலுக்காக ஏழாண்டு உழைத்த யாக்கோபுக்கு இரவோடு இரவாக லேயாவை மணமுடித்து வைக்கிறான். அக்காள் தங்கை இருவரில் எவரிடமும் ஒரு சொல் கேட்டதாகக் கதையில் இல்லை. கணவனின் அன்பு இனியாவது கிட்டாதா என்று பிள்ளைக்குப் பிள்ளை ஏங்கியே லேயாவின் வாழ்நாள் கழிகிறது. ஒரே குடும்பம், இரண்டு திருமணப் பேச்சுகள். ஒன்றில் கேள்வி இருந்தது. மற்றதில் வஞ்சகமே இருந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பது நம் ஊர்ப் பழமொழி. தோபித்து நூலில் வரும் இரகுவேல் இதற்கு நேர்மாறானவர். தம் மகளை முன்னர் மணந்த ஏழு பேரும் முதலிரவிலேயே மாண்ட செய்தியை, பெண் கேட்டு வந்த தோபியாவிடம் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். வேலையையும் நோயையும் குடிப்பழக்கத்தையும் மறைத்து முடிக்கப்பட்ட திருமணங்கள் பின்னர் நம் அலுவலகத்தில் கண்ணீராக வந்து நிற்பதைக் காணும்போதெல்லாம், அத்தந்தையை நினைத்துக்கொள்கிறோம்.

நம் தமிழ் மரபும் இதில் வறியதன்று. தொல்காப்பியம் களவியலையும் கற்பியலையும் அடுத்தடுத்து வைத்தது. இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது அறத்தொடு நிற்றல். தலைவியின் உள்ளத்தை அறிந்த தோழி செவிலிக்கு உரைக்கிறாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உரைக்கின்றனர். பெண்ணின் மனத்திலிருந்து புறப்பட்ட சொல் படிப்படியாகப் பெரியோரிடம் ஏறிச் செல்கிறது. நம் காலத்தில் சொல்லின் திசை மாறிவிட்டது. பெரியோர் முடித்த சொல், கடைசியாகப் பெண்ணிடம் இறங்கி வருகிறது. இடையில் ஒருவர் நிற்பது குற்றமன்று. அவர் எந்தத் திசையில் சொல்லைச் சுமக்கிறார் என்பதே நம் வினா.

இவ்வினா நம்மையும் விடவில்லை. முன்பு ஒரு பங்கில் ஓலை எழுதியபோது, முழுச் சம்மதமா என்று ஒரு பெண்ணைக் கேட்டோம். அவள் நம்மைப் பாராமல் தாயைப் பார்த்தாள், பிறகு தலையசைத்தாள். வெட்கம் என்று எண்ணி எழுதிவிட்டோம். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தோம். தடையுண்டேல் தெரிவிக்குமாறு ஊரையெல்லாம் கேட்டோம். தடை அவள் நெஞ்சுக்குள் இருந்ததை, ஓராண்டு கழித்து அவள் தனியே வந்து அழுதபோதுதான் அறிந்தோம். தரகரைக் குறைகூற அன்று நமக்கு வாய் எழவில்லை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது என்றும், எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடு செய்ய இயலாது என்றும் 1057-ஆம் விதியில் கூறுகிறது. வன்முறையாலும் பேரச்சத்தாலும் பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்கிறது 1103-ஆம் விதி. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணப்பதற்கு விதிவிலக்கு வேண்டிப் பேராயர் இல்லத்திற்குத் தாள்கள் அனுப்புகிறோம். அவை ஒப்பமிட்டுத் திரும்பி வருகின்றன. சம்மதமின்மைக்கு விதிவிலக்கு அளிக்க எந்த ஆயராலும் இயலாது.

ஆகவே இப்போதெல்லாம் தாயையும் தந்தையையும் தரகரையும் வெளியே அமரச் செய்து, பெண்ணிடமும் பையனிடமும் தனித்தனியே கேட்கிறோம். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அக்கேள்வி ஓலை எழுதும் நாளன்று பங்குக் குருவின் மேசைக்கு வரும்வரை காத்திருக்கலாமா? மகள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் வேளையில், தரகர் படியேறுவதற்கு முன்பாகவே, வீட்டில் ஒருவர் அவளருகே அமர்ந்து கேட்கலாமே. அவள் வேண்டாம் என்றால், ஆபிரகாமைப் போல ஆணையை விட்டுக்கொடுக்கும் மனமும் அவருக்கு வேண்டும்.