நான்கு நிமிடப் பயிற்சியின் நுட்பம்

வீட்டிலேயே செய்யத்தக்க கடும் உடற்பயிற்சிகளுள் கட்டமைப்பின் சிக்கனத்தால் தனித்து நிற்பது, ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் பெயரால் வழங்கும் தபாட்டா பயிற்சியாகும். பனித்தள வேகச்சறுக்கு வீரர்களின் பயிற்சி முறையை ஆராய்ந்து அவர் குழுவினர் 1996இல் வெளியிட்ட கட்டுரை, 20 நொடி கடும் உழைப்பு, 10 நொடி ஓய்வு என்னும் சுற்று ஏழெட்டு முறை தொடரும்போது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவும், ஆக்சிஜன் போதாதபோதும் தசைகள் ஆற்றல் பெறும் திறனும் ஒருங்கே உயர்வதைக் காட்டியது. ஆய்வில் நிலைமிதிவண்டி பயன்பட்டது. வீட்டிலோ, கைகளை ஊன்றி உடலைத் தாழ்த்தி உயர்த்தும் தண்டாலும், குந்தி எழும் பஸ்கியும் அதன் இடத்தைப் பெறுகின்றன. இம்முறையின் நுட்பம் அந்தக் குறுகிய ஓய்வில்தான் உள்ளது: மூச்சு சீராகுமுன் அடுத்த சுற்று தொடங்குவதால், களைப்பு படிப்படியாகச் சேர்ந்து, கடைசிச் சுற்றில் உடல் தன் எல்லையை எட்டுகிறது. ஆதலால், இதயநோய் உடையோர் மருத்துவரைக் கலந்தபின்னரே இதனைத் தொடங்குதல் வேண்டும்.