தாழ்நடனமும் அதன் இசையும்
15ஆம் நூற்றாண்டில் பர்கண்டி அரசவையில் ஆணும் பெண்ணும் இணைந்தாடிய 'பாஸ் டான்ஸ்' என்னும் தாழ்நடனம், துள்ளலின்மையால் உயிரற்றது என்பாரும் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. பிரசெல்சு அரச நூலகத்தில், கருந்தோலில் பொன்னாலும் வெள்ளியாலும் எழுதப்பெற்ற ஏடு ஒன்று உளது. (அதன் எழில் கண்டு மயங்கி, இசையை மறந்தோரும் உண்டு.) நெடிய சுரங்களின் ஒற்றை வரிசையும், அவற்றின்கீழ் வணக்கம், ஒற்றையடி, இரட்டையடி முதலியவற்றைக் குறிக்கும் எழுத்துகளுமே அதிற் காணப்படுவன. பெரும்பாலும் சுரம் ஒன்றிற்கு அடிவைப்பு ஒன்று. இவ்வரிசை முழு இசையன்று, அடித்தளமே. நம் நாகசுரம்போலச் சீவாளி கொண்ட குழல்களை ஊதியோர் மேற்குரலை அவ்வப்போது புனைந்தே இசைத்தனர். இசை அலையலையாய் எழ, இணையோ தரைவிட்டெழாது நகர்கின்றது. கால் அடங்குதலாலேயே செவி கூர்மையுறுகின்றது; இந்நடனத்தின் குன்றாக் கவர்ச்சி இம்முரணில் உளது எனக் கருதுகின்றோம். ஏட்டில் மேற்குரல் இன்மையால், இன்று மீட்டிசைப்போரும் அதனைத் தாமே படைத்துக்கொள்ள வேண்டியவராகின்றனர்.