சப்மரைனரின் கண்ணாடியில் கைவைப்பது

ரோலெக்ஸ் சப்மரைனர் டேட் கடிகாரத்தின் கண்ணாடியில், மூன்று மணிக்கு நேராகச் சிறு வில்லை ஒன்று புடைத்து நிற்கும். சைக்ளோப்ஸ் என்பது அதன் பெயர். தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது அதன் வேலை. 1950-களில் டேட்ஜஸ்ட் கடிகாரத்தில் அறிமுகமான இந்த வில்லை, 1960-களின் இறுதியில் 1680 என்ற மாடலோடு சப்மரைனருக்கு வந்தது. அப்போதைய கண்ணாடி அக்ரிலிக். பிறகு வந்த சஃபையர் கண்ணாடியில் வில்லை பசையால் ஒட்டப்படுகிறது. ஒட்டிய பொருளைப் பெயர்க்கவும் முடியும் என்பதால், அதை நீக்கிவிட்டுக் கண்ணாடியை வழவழப்பாக்கிக்கொள்ளும் பழக்கம் உரிமையாளர்களில் ஒரு சாராரிடம் உருவாகியிருக்கிறது.

அவர்கள் சொல்லும் முதல் காரணம் அழகு. வில்லை போனால் டயலின் ஒருபக்கச் சாய்வு மறைந்து சமச்சீர் திரும்புகிறது. வில்லையின் ஓரத்தில் அழுக்கு சேர்வதும், சாய்ந்த கோணத்தில் தேதி கோணலாகத் தெரிவதும் இல்லாமல் போகின்றன. இதை வெறும் ரசனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆழ்கடல் தொழிலுக்கென்று அதே நிறுவனம் 1967-இல் செய்த சீ-டுவெல்லரில் தேதி உண்டு, வில்லை இல்லை. அந்த வரிசைக்கு வில்லை வந்ததே 2017-இல்தான்.

இரண்டாவது காரணம் ஒளியியலில் இருக்கிறது. பெயர்ப்பவர்களே இதை அதிகம் பேசுவதில்லை. வில்லையின் ஆற்றல், அதன் பொருளுக்கும் சுற்றியுள்ள ஊடகத்துக்கும் உள்ள ஒளிவிலகல் எண்ணின் வேறுபாட்டைப் பொறுத்தது. சஃபையருக்கு அது 1.77, காற்றுக்கு 1, நீருக்கு 1.33. ஆகவே கடிகாரம் நீரில் மூழ்கியதும் 0.77 ஆக இருந்த வேறுபாடு 0.44 ஆகச் சுருங்குகிறது. வில்லையின் ஆற்றலில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடுகிறது. மூழ்குபவருக்குத் தேவைப்படுவதோ நிமிட முள்ளும் சுழலும் பெசலும்தான், தேதி அல்ல. கடலுக்கென்று செய்த கடிகாரத்தில் கரைக்கு மட்டுமே பயன்படும் உறுப்பு இது என்ற வாதம் வலுவானது.

ஆனால் பெரும்பாலான சப்மரைனர்கள் கரையில்தான் வாழ்கின்றன. நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு வில்லை இல்லாத தேதி சிறு புள்ளியாகத்தான் தெரியும். பெயர்த்த வில்லையைப் பழையபடி நேர்த்தியாக ஒட்டுவதும் கடினம். மனம் மாறினால் கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

உண்மையான குறை, பெயர்க்கும் முறையில் இருக்கிறது. பலர் கடிகாரத்தைப் பிரிக்காமலே சிறு எரிவாயுச் சுடரை வில்லைமேல் காட்டி, பசை இளகியதும் நெம்பி எடுக்கிறார்கள். சில விநாடிகளில் முடிகிற வேலை; அதனால்தான் பரவியிருக்கிறது. அந்த விநாடிகளில் கண்ணாடி சீரற்றுச் சூடாகிறது. கீறலை எதிர்ப்பதில் சஃபையர் வைரத்துக்கு அடுத்தபடி, மோஸ் அளவில் 9. ஆனால் திடீர் வெப்ப வேறுபாட்டில் விரிசல் விடக்கூடியது. அதைவிடக் கவலைக்குரியது கண்ணாடியின் விளிம்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கேஸ்கெட். 300 மீட்டர் ஆழத்தின் அழுத்தம் ஏறத்தாழ 30 பார்; 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிமேல் அது 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமை. அந்த அழுத்தத்தில் நீரை வெளியே நிறுத்துவது இந்த மெல்லிய வளையம். வெப்பத்தில் அது உருமாறியிருந்தால் மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நீர் புகுந்த பிறகே தெரியும். டயலும் எண்ணெயிட்ட இயந்திரமும் சுடருக்குச் சில மில்லிமீட்டர் கீழேதான் இருக்கின்றன.

முறையான வழி வேறு. பெசலைக் கழற்றி, கண்ணாடியைப் பிரித்து, வில்லையைத் தனியே நீக்கி, அல்லது வில்லை இல்லாத கண்ணாடியைப் பொருத்தி, புதிய கேஸ்கெட்டோடு இறுக்கி, அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். மூழ்கு கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம், குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. இந்தப் பணிக்கும் அதுவே சரியான அளவுகோல். வேறு நிறுவனம் செய்த வெளிக் கண்ணாடி வாங்கும்போது தடிமன் நூலிழை பிசகினாலும் பிடிப்பு தளரும்.

இதோடு ஒப்பிடத்தக்கது, ஒமேகா சீமாஸ்டரின் வெளிப்புற எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை மெருகேற்றி அகற்றும் வழக்கம். பூச்சு சஃபையரைவிட மென்மையானது என்பதால் மெல்லிய கீறல்கள் விழுந்து, கண்ணாடியே கீறியதுபோல் தோன்றும். அகற்றினால் காற்றில் அந்தப் பரப்பு ஒளியில் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெயிலில் டயல் மங்கும். நீருக்குள் அதே பரப்பின் இழப்பு 2 சதவீதமே. மெருகுப் பசை மேற்பரப்பை மட்டும் தொடுகிறது, கேஸ்கெட்டை அசைப்பதில்லை. கண்ணாடி மாற்றங்களில் இது தீங்கு குறைந்தது.

பணக் கணக்கில் இரண்டுக்கும் விலை உண்டு. வெளியார் கைபட்ட கடிகாரத்துக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் நிற்காது. வெளிக் கண்ணாடி பொருத்தியிருந்தால், சர்வீஸின்போது அசல் கண்ணாடியைப் போட்டால்தான் வேலை நடக்கும் என்று ரோலெக்ஸ் மையங்கள் சொல்லும். 2000-களின் தொடக்கத்திலிருந்து ஆறு மணிக்கு மேல் லேசரால் பொறிக்கப்படும் நுண்ணிய கிரீடம் வெளிக் கண்ணாடியில் இருக்காது, இருந்தால் அது போலி. மறுவிற்பனையில் வாங்குபவர் முதலில் தேடுவதும் அதைத்தான். அதனால் அசல் கண்ணாடியைச் சுடருக்குக் கொடுக்காமல் வில்லையோடு கழற்றிப் பத்திரப்படுத்தி, வேறொரு கண்ணாடியில் மாற்றத்தைச் செய்துகொள்பவருக்கு மட்டுமே பழைய நிலைக்குத் திரும்பும் வழி மிஞ்சுகிறது.