உறவு கண்டபின்

பிரிந்தவர் கூடுவதைச் சொல்லும் கதைகளுக்கு நம் இல்லங்களில் என்றும் வரவேற்பு உண்டு. கப்பலேறிப் போன மகன் திரும்பி வருகிறான், கடிதம் நின்றுபோன தந்தையின் அயல்நாட்டுப் பிள்ளைகள் ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறார்கள், தழுவுகிறார்கள், அழுகிறார்கள், கதை முடிந்துவிடுகிறது. இத்தகைய கதைகளை நெடுங்காலமாகப் படித்து வருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. இவை முடிய வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே முடிந்துவிடுகின்றன. உறவைக் கண்டறிந்த மகிழ்ச்சியைப் பாடும் எழுத்தாளர், அவ்வுறவு நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதைச் சொல்லாமலே விடுகிறார். நம் மூல நூல்கள் இவ்வாறு விட்டதில்லை.

திருமறையின் 12-ஆம் அத்தியாயமான யூசுபு சூராவை எடுத்துக்கொள்வோம். வரலாறுகளுள் அழகியது என்று அல்லாஹ்வே குறிப்பிட்ட வரலாறு அது. பஞ்ச காலத்தில் தானியம் பெற வந்த சகோதரர்களை யூசுபு (அலை) அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அவர்களோ இவரை அறியவில்லை. மூன்றாம் முறை வந்தபோதுதான் உண்மை வெளிப்படுகிறது. நம் கதாசிரியராயின் அங்கே திரையை இறக்கியிருப்பார். திருமறை இறக்கவில்லை. அன்று அவர்கள்மீது எந்தப் பழியும் இல்லை என்ற மன்னிப்பு முதலில் வருகிறது. தந்தையின் கண்ணொளி மீளச் சட்டை அனுப்பப்படுகிறது. குடும்பம் முழுவதையும் அழைத்துவரச் சொல்லும் அழைப்பு தொடர்கிறது. பெற்றோர் அரியணையில் அமர்த்தப்படுகிறார்கள்.

அதன்பின் யூசுபு (அலை) இறைவனின் அருளை நினைந்து பேசும் பேச்சில் ஒரு நுட்பம் உண்டு. சிறையிலிருந்து தம்மை மீட்டதைக் குறிப்பிடுகிறார்கள், கிணற்றைக் குறிப்பிடவில்லை. கிணற்றில் தள்ளியவர்கள் எதிரே நிற்கிறார்களே! மன்னித்தபின் அவர்களை நாணச் செய்யலாகாது என்பதற்காகவே அதைச் சொல்லாது விட்டார்கள் என முபஸ்ஸிர்கள் விளக்கம் கூறுவர். சிறையின் துன்பத்தைச் சொன்னவருக்குக் கிணறு மறந்துபோகவில்லை. உறவு மீண்டும் நிலைபெற வேண்டுமானால் சில நினைவுகளை நாவில் ஏற்றாதிருக்க வேண்டும் என்பது அவர்கள் அறிந்த மரியாதை. இந்த ஓர் இடத்தைக் கற்றுக்கொண்டாலே நம் கதைகள் ஒரு படி உயரும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டுப் படலத்தைப் பாடியிருக்கிறார். பால் கொடுத்த ஹலீமா நாயகியின் மகள் ஷைமா. குழந்தை நபியை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 8-இல், ஹுனைன் போரில் சிறைப்பட்டவர்களுள் முதுமையடைந்த ஷைமாவும் இருந்தார். தாம் யார் என்பதைச் சொன்னார். அதற்கு அடையாளமாகக் காட்டியது, சிறு வயதில் சுமந்தபோது குழந்தை நபி கடித்த தழும்பு. அண்ணலார் தம் மேலாடையை விரித்து அவரை அதன்மீது அமரச் செய்தார்கள். தம்முடன் மதிப்போடு தங்கலாம், அல்லது தம் மக்களிடம் திரும்பலாம் என்று விருப்பத்தை அவரிடமே விட்டார்கள். ஷைமா தம் மக்களிடம் திரும்பவே விரும்பினார், பரிசுகளுடன் அனுப்பப்பட்டார். பின்னர் ஹவாஸின் குலத்தின் தூதுவர்கள் வந்து, சிறைப்பட்ட பெண்களுள் தங்களுக்குப் பால்வழிச் சிற்றன்னையரும் இருக்கிறார்களே என்று முறையிட்டார்கள். ஆறாயிரம் பேர் விடுதலை பெற்றார்கள்.

உமறுப் புலவரின் காப்பியம் ஹுனைனை எட்டுமுன்னரே நின்றுவிட்டது. பாலூட்டியதை அவர் வாக்கில் பெற்ற நாம், அந்தப் பால் பயன் தந்த காட்சியை அவர் வாக்கில் பெறவில்லை. தமிழுக்கு இது இழப்பே. ஈண்டு மார்க்கச் சட்டம் ஒன்றையும் நினைவூட்டுவேன். பால்குடி உறவால் திருமணம் விலக்கப்படும். ஆனால் சொத்துரிமை வராது. பங்கு கேட்க வழியில்லாத ஒரு சகோதரிக்கே மேலாடை விரிந்தது என்றால், பங்கு கேட்கும் உரிமையுள்ள இரத்த உறவுக்கு நாம் விரிக்க வேண்டியது எவ்வளவு!

இனி நம் கரைக்கு வருவோம். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றொரு கடற்கரையூர் வருகிறது. அது இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. உப்பு வண்டியோடு செல்லும் உமணரை அப்பாட்டிலும் காணலாம். உப்பளங்களை இன்றும் மரக்காணத்தில் காணலாம். அலை ஒதுக்கிய நறுமண மரக்கட்டை, உறங்கும் ஒட்டகம்போலக் கரையில் கிடக்கிறது என்கிறார் புலவர். அதை விறகாக எரித்து, வழிவந்த பாணனுக்கு விருந்து ஆக்குகிறார்கள். அறபு படித்தவனுக்கு அந்த ஒட்டகம் இனிக்கும். அதனினும் இனிப்பது ஆற்றுப்படையின் இலக்கணம். வளம் பெற்றவன், பெறாதவனை எதிர்ப்பட்டு, அது கிடைக்கும் இடத்துக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. பெற்றதை மறைத்துக்கொண்டு போகிறவனுக்கு அவ்விலக்கியத்தில் இடமில்லை.

அந்த மரக்காணத்தில் அண்மையில் ஒரு வீட்டு விருந்துக்குத் துஆ ஓத அழைக்கப்பட்டேன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கங்களிலிருந்து வணிகத்துக்காகச் சைகோன் சென்ற நம்மவர் பலர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. அங்கேயே மணமுடித்துப் பிள்ளை பெற்றோரும் உண்டு. 1975-இல் ஆட்சி மாறியபோது ஊர் திரும்பியவர்களுள் ஒருவர், அங்கு விட்டுவந்த மகனைப் பற்றி இங்கு யாரிடமும் சொல்லாமலே மவுத்தாகிவிட்டார். அம்மகன் இப்போது அறுபதைக் கடந்தவர். அப்பள்ளியில் ஓதிப் பழகியவர். பழைய நிழற்படம் ஒன்றின் பின்புறம் இருந்த முகவரியைக் கொண்டு தேடி வந்திருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் நான்கைந்து சொற்கள். அவற்றுள் ஒன்று ‘அத்தா’. அதைச் சொன்னதும் வீடே அழுதது. பிறகு வீடே சிரித்தது. தெருப் பிள்ளைகள்கூட அவருக்கு முறை வைத்து அழைக்கத் தொடங்கினார்கள்.

விருந்து முடிந்ததும், எழுபதைக் கடந்த மூத்தவர் என்னை அருகே அழைத்தார். தாய்மார் இருவரும் அத்தாவுக்கு முன்பே காலமாகியிருந்தனர். இங்கிருந்த ஆண்மக்கள் இருவரும் பெண் ஒருவரும் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மகன் உண்டு என்று ஆனபின் அது ஏழு பங்கு. அவருக்குரிய இரண்டைக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்றார். உடன் வந்தவர் மொழிபெயர்த்துச் சொல்ல, வந்தவர் கைகூப்பி, தாம் சொத்துக்காக வரவில்லை என மறுத்தார். மூத்தவர் விடவில்லை.

“முதல்ல வாங்கிக்க தம்பி. அப்புறம் வச்சுக்கறதும் குடுக்கறதும் உன் இஷ்டம்.”

மார்க்கம் கற்ற எனக்கே அது பாடமாயிற்று. உரிமையைக் கையில் கொடுத்தபின்னரே விட்டுக்கொடுத்தலுக்குப் பொருள் உண்டு. நீதிமன்றத்தில் காலம் கடந்துபோன வழக்காக அது ஆகியிருக்கலாம். அல்லாஹ்விடத்தில் அந்தக் காலக்கெடு கிடையாது. இன்னொன்றும் கவனித்தேன். அத்தா ஏன் மறைத்தார் என்ற கேள்வியை அன்று அவ்வீட்டில் யாரும் எழுப்பவில்லை. யூசுபு நபி கிணற்றைச் சொல்லாதது என் நினைவுக்கு வந்தது.

நம் எழுத்தாளர்கள் இந்த இரண்டாம் காட்சியை எழுத வேண்டும். குடும்பத்தின் வம்சாவளியை அறிந்துகொள்ளுமாறு கூறும் நபிமொழி, உறவைப் பேணுவதற்காகவே அதைக் கூறுகிறது. திர்மிதியில் அது இடம்பெற்றுள்ளது. அறிதல் தொடக்கம், பேணுதலே நோக்கம். பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் மரபு இக்கரைக்குப் புதிதன்று. தழுவிக்கொண்டவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டு உட்காரும்போது, எழுத்தாளரும் பேனாவை மூடிவிடாமல் அவர்களோடு சற்று உட்கார வேண்டும். அந்த ஏழு பங்குக் கணக்கை எழுதி முடித்த இரவில் மரக்காணத்து வீட்டில் எழுந்த சிரிப்பு, பகலில் எழுந்ததைவிட உரக்க இருந்தது.