வியர்வையும் வாரச் சம்பளமும்

திருப்பூரில் 1925இல் பனியன் கம்பெனி தொடங்கிய முன்னோடியாகத் தொழில் வரலாறு குறிப்பிடுவது குலாம் காதரை. அன்று முதல் முஸ்லிம் முதலாளிகளும் தொழிலாளிகளும் இருக்கும் ஊர் இது. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் இப்னு மாஜா தொகுப்பின் நபிமொழி இரு தரப்புக்கும் தெரியும். வாரச் சம்பளத்தை வார விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. இரண்டும் ஒரே பேச்சுதானா?

நபிமொழியின் பலம், அதற்கு ரிஜிஸ்டர் தேவையில்லை என்பது. கான்ட்ராக்டருக்குக் கீழே, பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமல் தைப்பவரிடம் சட்டம் போய்ச் சேராது. முதலாளியின் இறையச்சம் சேரலாம். சேராமலும் போகலாம். பலவீனம் அங்கேதான்.

சனிக்கிழமை மாலை பீஸ் ரேட் டெய்லரின் நோட்டில் டஜன் கணக்கு ஒன்று, கான்ட்ராக்டரிடம் வேறொன்று. ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பிய பீஸும் வாங்கிய அட்வான்ஸும் போக மிச்சம் கைக்கு வரும். புது ஸ்டைலை ஓட்டி முடித்த பிறகு ரேட் பேசுவதும் உண்டு. பணம் அன்றே வந்துவிட்டது, சரி. அது நியாயமான தொகையா? 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தம் எழுப்பியது இந்தக் கேள்வியை. எழுப்பியவை தொழிற்சங்கங்கள்.

ஆனால் இஸ்லாமியச் சிந்தனை மனச்சாட்சியோடு நின்றுவிட்டது என்பதும் தவறு. வேலைக்கு முன்பே கூலி தெரிந்திருக்க வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹின் விதி. கூலியைக் குறைத்தாலோ வேலையைக் கூட்டினாலோ சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிப் தடுக்கலாம் என்று 1058இல் மறைந்த சட்ட அறிஞர் மாவர்தி எழுதிவைத்தார். இன்றைய லேபர் இன்ஸ்பெக்டரின் வேலைக்கு இது வெகு அருகில் வருகிறது. அளவில் மோசம் செய்பவரைச் சந்தையில் தடுக்க ஆள் வேண்டும் என்பதை நடைமுறை ஏற்றுக்கொண்டது.

இன்று இங்கே முஹ்தஸிப் இல்லை, கட்டாய தர்மமான ஜகாத் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) கொடுக்க வேண்டிய கடனைக் கழித்துவிட்டே ஜகாத் கணக்கிடுவார்கள். பாக்கிக் கூலியும் கடன்தான். ஆக, கூலியை இழுத்தடிப்பவர் கையில் வைத்திருக்கும் அந்தப் பணத்துக்கு ஜகாத் இல்லை! தர்மம் வாங்கும் ஜமாஅத் இந்தப் பாக்கியைக் கேட்பதில்லை என்றால், கேட்க அதிகாரமுள்ள இடம் தொழிலாளர் துறை. மத நெறி அதற்குப் போட்டியல்ல. ரேட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும்படி கேட்கும் டெய்லருக்கு இரண்டும் பக்கபலம்.